ஊசி இறங்கிய தோள்

தடுப்பூசியால் நேரும் பாதிப்புக்கு இழப்பீடு என்று ஆரம்பித்தாலே நம் நாட்டில் பேச்சு நேராக மரணத்துக்குப் போய்விடுகிறது. அது இயல்புதான். கொரோனா ஊசிக்குப் பின் மகள்களைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களின் பெற்றோர் 2021-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கணவரை இழந்த ஒரு பெண்ணின் மனுவில், ஊசியின் பின்விளைவால் இறந்தவர்களை அடையாளம் கண்டு இழப்பீடு தர வழிகாட்டு நெறிகள் வகுக்கும்படி கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் உத்தரவிட்டது. அந்த நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் பிறகு நிறுத்திவைத்தது. நான் இன்று எடுத்துக்கொள்வது இவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சின்ன விஷயம்: ஊசி போட்ட மறுநாளிலிருந்து தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போன ஒரு கை. உயிர் போகவில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, செய்தித்தாளில் வரவில்லை. தடுப்பூசி இழப்பீட்டுக்கு இந்த நாட்டில் எப்போது, எந்த வடிவில் திட்டம் வந்தாலும், அது இந்தத் தோளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். சின்னக் காயம் என்பதால் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. நிரூபிக்க முடிந்த காயம் என்பதால் சொல்கிறேன்.

முதலில் மருத்துவம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மேல்கையின் புறத்தில் இருக்கும் டெல்டாய்டு தசைக்குள் ஊசி இறங்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் முனையைத் தடவிப் பார்த்து, அதிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே வந்தால் சரியான இடம். அதற்கு மேலே குத்தினால், எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே உராய்வைத் தடுக்க இயற்கை வைத்திருக்கும் மெல்லிய பைக்குள் மருந்து போய்விடலாம். தசையில் இறங்கினால் நோய் எதிர்ப்பைத் தூண்டும் அதே மருந்து, அந்தப் பையில் இறங்கினால் அங்கே அழற்சியைத் தூண்டும். 2006-ல் போடோர், மோன்டால்வோ என்ற இருவர் இத்தகைய இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 2010-ல் அட்டனசாஃபும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க இழப்பீட்டுத் திட்டத்துக்கு வந்த மனுக்களிலிருந்து 13 பேரை எடுத்து ஆராய்ந்து இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்; ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இன்று 'சிர்வா' என்கிறார்கள். சாதாரண ஊசி வலி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இது அடங்காது. தலை வாரக் கை எழும்பாது, பரணில் இருக்கும் பாத்திரத்தை எட்டி எடுக்க முடியாது, அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க முடியாது. மாதக்கணக்கில் பிசியோதெரபி, சிலருக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, மிகச் சிலருக்கு அறுவை சிகிச்சை என்று போகும்.

தவறு எங்கே நிகழ்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சட்டைக் கையைக் கீழிருந்து மேலே சுருட்டாமல், கழுத்துப் பக்கம் பொத்தானை அவிழ்த்து இறக்கினால், கண்ணுக்குத் தெரிவது தோளின் உச்சி மட்டுமே. இறுக்கமாகத் தைத்த ரவிக்கைக் கை மேலே ஏறாது. வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது ஒரு பெண் கொக்கியைத் தளர்த்தித் தோளை மட்டும் காட்டுவாள். ஊசி போடுபவர் நின்றுகொண்டும் போட்டுக்கொள்பவர் உட்கார்ந்துகொண்டும் இருந்தால் ஊசி மேலேயே இறங்கத் தோன்றும். இதில் அலட்சியம் என்று சொல்லத்தக்க ஒரு கணமே இல்லாமல் போகலாம். வெட்கம், அவசரம், துணியின் தையல், நாற்காலியின் உயரம் எல்லாம் சேர்ந்து இரண்டு விரல்கடை தூரத்தைத் தின்றுவிடுகின்றன. இதற்கு யாரைக் குற்றவாளி என்பது?

எத்தனை பேருக்கு இது நேர்கிறது? 2016-17 பருவத்தில் அமெரிக்காவில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்று, 10 லட்சம் ஊசிக்கு ஏறத்தாழ 8 பேருக்குக் கூடுதலாக இந்தப் பை அழற்சி வந்ததாகக் கணக்கிட்டது. அரிது, மிக அரிது. அந்த எண்ணை எடுத்து நம் 220 கோடி கொரோனா ஊசிகளால் பெருக்கிப் பரபரப்பாகச் சொல்லிவிடலாம். அப்படிப் பெருக்குவது சரியல்ல. அங்கே போட்ட ஊசி வேறு, உடல்வாகு வேறு, போட்ட சூழல் வேறு. ஆனால் நம் நாட்டில் மேல்கையில் ஊசி என்பது கொரோனாவோடு வந்து கொரோனாவோடு போனதும் அல்ல. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் டி.டி. ஊசி கையில்தான். 10 வயதிலும் 16 வயதிலும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடுவதும் கையில்தான். துருப்பிடித்த ஆணி குத்தினாலும் அங்கேதான். அரிதான ஒன்று இவ்வளவு பெரிய எண்ணிக்கையோடு சேரும்போது பூஜ்ஜியமாக இருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

இந்தத் தோளை அமெரிக்கச் சட்டம் எப்படி ஏற்றுக்கொண்டது என்பது நமக்கு உதவும் கதை. 1980-களில் அங்கே முத்தடுப்பு ஊசிக்கு எதிராக வழக்குகள் குவிந்து, கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தடுப்பூசித் தயாரிப்பை விட்டு விலக ஆரம்பித்தன. மருந்தே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் 1986-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஊசியிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி. அந்த வரியிலிருந்து ஒரு நிதி. யார் தவறு என்று கேட்காமல் அந்த நிதியிலிருந்து இழப்பீடு. இழப்பீட்டுச் சட்டம் அங்கே பிறந்தது தடுப்பூசியைக் காப்பாற்றுவதற்காக என்பதை இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன். அந்தச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு: இன்ன ஊசி, இன்ன பாதிப்பு, இத்தனை நேரத்துக்குள். அதில் பொருந்தினால் காரணத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. 2017 மார்ச்சில் தோள்பட்டைக் காயம் அந்த அட்டவணையில் ஏறியது. முன்பு அந்தத் தோளில் வலி இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளில் மட்டும் இருக்க வேண்டும். வேறு நோயால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. அண்மை ஆண்டுகளில் அங்கே வரும் மனுக்களில் பாதிக்கும் மேல் இந்தத் தோள்தான்.

அதனால் எதிர்ப்பும் வந்தது. 2020-ல் அமெரிக்க சுகாதாரத் துறை இதை அட்டவணையிலிருந்து நீக்க முனைந்தது. இது மருந்தின் குற்றமல்ல, குத்தியவரின் குற்றம். ஆகவே பாதிக்கப்பட்டவர் சாதாரண நீதிமன்றத்தில் அலட்சிய வழக்குப் போடட்டும் என்பது அதன் வாதம். 2021 ஜனவரியில் விதி வெளியாகி, ஆட்சி மாறியபின் நடைமுறைக்கு வருமுன்பே ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. அந்த வாதத்தில் தர்க்கம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் அது ஓரளவு எடுபடவும் கூடும். இங்கே எடுத்துவந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு ஓர் ஊரை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வழியாகக் காட்டுக்குள் இறங்கினால் வெள்ளகவி. அங்கிருந்து இன்னும் கீழே இறங்கினால் கும்பக்கரை, பெரியகுளம். மிக நீண்ட காலம் வண்டிச் சாலை இல்லாமலே வாழ்ந்த ஊர். விளைந்தது மேலே போகவும், அரிசியும் பருப்பும் உள்ளே வரவும் குதிரை முதுகும் மனிதர் தலையும் தோளும்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு அரசு ஊசியால் தோள் இறுகிப் போனதாக வைத்துக்கொள்வோம். அவர் எங்கே போவது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. இந்திய மருத்துவச் சங்கம் - வி.பி. சாந்தா வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. 2021-ல் தனியார் மருத்துவமனையில் 780 ரூபாய் கொடுத்து கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர் நுகர்வோர். அதே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மருந்தைப் போட்டுக்கொண்டவர் நுகர்வோர் அல்ல. சிவில் வழக்கென்றால் அரசுக்கு முதலில் இரண்டு மாத நோட்டீஸ். பிறகு செவிலியரின் அலட்சியத்தை நிரூபிக்க நிபுணர் சாட்சி. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் வகுத்த அளவுகோலின்படி, அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ள ஒருவர் காட்டும் கவனம்கூட இல்லை என்று காட்ட வேண்டும். இரண்டு விரல்கடை விலகலுக்கு அதை எப்படிக் காட்டுவது? உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்; அதற்கு மதுரை வரை போக வேண்டும், உண்மை நிலை குறித்துத் தகராறு இருக்கும் வழக்கை நீதிமன்றம் சிவில் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிவிடவும் கூடும். மகள்களை இழந்த பெற்றோரின் வழக்கில் 2022 நவம்பரில் பதில் சொன்ன ஒன்றிய அரசு, மருந்தைத் தயாரித்தது வேறொருவர், ஊசி போட்டுக்கொள்வது விருப்பத்தின் பேரில், பாதிக்கப்பட்டவர் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. காகிதத்தில் அது ஒரு வழி. தோள் இறுகிப்போன மலைக்காரருக்கு அது வழியே அல்ல. இழக்கும் கூலியையும் வக்கீல் கட்டணத்தையும் வைத்துப் பார்த்தால், வழக்கைவிட வலியே மலிவு.

தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு தருவது நமக்கு அந்நியமான கருத்து என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் அது பல காலமாக இருக்கிறது. இன்று 164-ஆம் பிரிவின்படி சாலை விபத்தில் இறந்தவருக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், யார் மேல் தவறு என்று கேட்காமல். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்தது. இன்னும் நெருக்கமான உதாரணம் குடும்பக் கட்டுப்பாடு. கருத்தடை அறுவை சிகிச்சை தோற்றாலோ, சிக்கலானாலோ, உயிர் போனாலோ பணம் தரும் காப்பீட்டுத் திட்டம் 2005-ல், உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு தொடங்கியது. 2013-ல் அரசே நேரடியாக ஈடுசெய்யும் திட்டமாக அது மாறியபோது உடனடி இறப்புக்கு 2 லட்சம், சிகிச்சை தோற்றால் 30,000 என்று தொகை இருந்தது. போதுமா என்பது வேறு. அரசு மக்களிடம் வந்து ஒரு மருத்துவச் செயலைச் செய்துகொள்ளச் சொல்கிறது, அதனால் சமுதாயத்துக்குப் பலன், சிலருக்குப் பாதிப்பு, அந்தச் சிலரின் சுமையை அரசு ஏற்கிறது. இந்த நான்கில் எது தடுப்பூசிக்குப் பொருந்தாது? புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019-ன்படி, பரிசோதனைக் கட்டத்தில் ஊசி போட்டுக்கொண்டு பாதிக்கப்பட்டவருக்கும் இழப்பீடு உண்டு. பரிசோதனை முடிந்து மருந்து ஊருக்கெல்லாம் வந்தபின் போட்டுக்கொண்டவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு ஏன் கழன்றுவிட வேண்டும்? சிங்கப்பூர் கொரோனா ஊசிக்கென்றே உதவித் திட்டம் வைத்து, இறப்புக்கும் நிரந்தரக் கடும் ஊனத்துக்கும் 2,25,000 சிங்கப்பூர் டாலர் வரை என்று அறிவித்தது. அங்கே யாரும் அதனால் ஊசிக்குப் பயந்து ஓடவில்லை.

இனி, ஏன் தோள் முதலில் என்பதற்கு வருகிறேன். மரணத்தில் காரணத்தை நிலைநாட்டுவது மருத்துவத்தின் கடினமான வேலைகளில் ஒன்று. கோடிக்கணக்கானோருக்கு ஊசி போடும்போது, அடுத்த வாரம் மாரடைப்பில் சிலர் இறக்கத்தான் செய்வார்கள். ஊசியே இல்லாவிட்டாலும் இறந்திருப்பார்கள். இந்தச் சந்தேகம் நியாயமானது. அதனாலேயே இறப்பு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன, எந்தத் திட்டமும் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. தோளில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ஊசி போட்ட இடம் தெரியும், கை தெரியும், நேரம் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க அதே உடம்பில் ஊசி படாத மறு தோள் இருக்கிறது. அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ அழற்சியைப் பார்க்கலாம். தொகையும் சிறியது. இழப்பீட்டுக் குழு ஒன்று காரணத்தைத் தீர்மானிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. இங்கே கற்ற ஒழுங்கோடு கடினமான வழக்குகளுக்குப் போகலாம்.

இதற்கு மருத்துவர்கள் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நாற்பதைக் கடந்தவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, ஊசி ஏதும் இல்லாமலே ஃப்ரோசன் ஷோல்டர் என்னும் தோள் இறுக்கம் வரும். சர்க்கரை நோய் மலிந்த தமிழ்நாட்டில், ஊசி போட்ட கையில் தற்செயலாக வந்ததையும் ஊசியின் கணக்கில் எழுதிவிடுவார்களே என்பார்கள். சரியான கேள்வி. ஆனால் தானாக வரும் தோள் இறுக்கம் மெல்ல மெல்ல, வாரக்கணக்கில், எந்தத் தேதியும் சொல்ல முடியாதபடி வருவது வழக்கம். 48 மணி நேர வரம்பு இருப்பதே இந்த இரண்டையும் பிரிக்கத்தான். அதையும் தாண்டிச் சில தவறான மனுக்கள் தேறிவிடலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். வாகன விபத்துத் தீர்ப்பாயங்களிலும் தேறுகின்றன. அதற்காகத் தீர்ப்பாயத்தை மூடிவிடவில்லை. இன்னொன்று: இந்தத் தகராறைத் தீர்க்க மிக மலிவான சாட்சியம் நம்மிடம் இல்லாமல் போனது நம் பதிவேடுகளின் குறை. கோவின் சான்றிதழில் மருந்தின் பெயர், தேதி, பேட்ச் எண், போட்டவர் பெயர், போட்ட இடம் எல்லாம் இருந்தன. எந்தக் கை என்பது இல்லை. தாய்-சேய் நல அட்டையிலும் மின்பதிவிலும் வலது, இடது என்று ஒரு கட்டம் சேர்க்க என்ன செலவாகும்?

இரண்டாவது மறுப்பு செவிலியர்கள் பக்கமிருந்து வரும். இப்படி ஒரு திட்டம் வந்தால் ஒவ்வொரு ஊசியும் எங்கள் மேல் பாயும் புகாராகிவிடும் என்று அவர்கள் பயப்படலாம். உண்மையில் இன்றைய நிலைதான் அவர்களை மாட்டிவிடுகிறது. அலட்சியத்தை நிரூபித்தால்தான் காசு என்றால், பாதிக்கப்பட்டவர் ஒரு குற்றவாளியைத் தேடியே ஆக வேண்டும். கையில் கிடைப்பவர் தோளில் ஐஸ் பெட்டியோடு மலையேறி வந்த கிராம சுகாதார செவிலியர். பழி தேடும் மனநிலை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊருக்குள் சென்று ஊசி போடும் வழக்கத்தை அரசு நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைத்துப் போடும் முறைக்கு மாறியது. பாதுகாப்பை நினைத்துச் செய்ததுதான். ஆனால் பஸ் போகும் ஊருக்கும் கைக்குழந்தையோடு காட்டுப்பாதையில் ஏறிப் போக வேண்டிய ஊருக்கும் அந்த உத்தரவின் எடை ஒன்றல்ல. பாதிப்புக்குப் பணம் தனி, பிழைக்குப் பயிற்சி தனி என்று பிரித்துவிட்டால், செவிலியர் தானாகவே புகாரைப் பதிவு செய்ய முன்வருவார். ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தனிமனிதர்களும் தனியார் மருத்துவர்களும் பாதிப்புகளைப் பதிவு செய்ய எளிய வழி வேண்டும் என்று சொன்னது. பதிந்தால் தண்டனை என்றிருக்கும் இடத்தில் அந்த வழியில் யாரும் நடக்க மாட்டார்கள்.

'தோள் வலிக்கெல்லாம் இழப்பீடா' என்பதுதான் மூன்றாவது மறுப்பு. வெளியே சொல்லாவிட்டாலும் பலர் மனதில் இருப்பது. மாற்றுத்திறனாளிச் சலுகைகளுக்கான 40 சதவீத வரம்பை இறுகிய தோள் பெரும்பாலும் எட்டாது. பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் 60 சதவீத ஊனம் இருந்தால்தான் 1,20,000 பவுண்டு என்று வைத்திருப்பதால் அங்கேயும் இதற்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் சதவீதத்தால் அளப்பதே தவறு என்று நம் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் 2010-ல் விளக்கிவிட்டது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு முழுதும் போயிற்று. அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையில் தொடரலாம். மருத்துவ ஊனம் ஒன்றுதான், பிழைப்பின் ஊனம் வேறு. மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இறுகிய தோள் ஓர் எரிச்சல். மூட்டை சுமக்கும் வெள்ளகவிக்காரருக்கு அது அந்த வருடத்து வருமானம். அதோடும் நிற்கவில்லை. இத்தகைய ஊர்களில் பிரசவ வலி கண்டவளையும் பாம்பு கடித்தவனையும் டோலி கட்டித்தான் தூக்கிப் போவார்கள். அந்த டோலி ஏறுவது தோளில். ஒரு தோள் குறைந்தால் ஊருக்கே ஆம்புலன்ஸில் ஒரு சக்கரம் குறைந்த மாதிரி. இதை எந்த ஊனச் சதவீத அட்டவணையும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே, திட்டம் எப்படி இருக்கலாம்? புதிய நீதிமன்றம் வேண்டாம். ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராய மாவட்டந்தோறும் ஏற்கெனவே குழு இருக்கிறது. காரணம் கண்டுபிடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது, கண்டுபிடித்தபின் எவருக்கும் எதுவும் தரவேண்டிய கடமை அதற்கு இல்லை. அந்தக் குழுவில் ஓர் எலும்பு மருத்துவரைச் சேர்த்து, 48 மணி நேர அளவுகோலைக் கொடுத்து, 90 நாளில் முடிவு சொல்ல வைக்கலாம். மனு ஒரு பக்கம் போதும். அதைக் கிராம சுகாதார செவிலியரிடமே கொடுக்கலாம். இழப்பீட்டின் முதல் பகுதி சிகிச்சையாகவே இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி பிசியோதெரபி தருகிறது. அந்தப் பட்டியலில் இந்தத் தோளையும் சேர்க்கலாம். இரண்டாம் பகுதி, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான கூலி, அவர் செய்யும் வேலையை வைத்துக் கணக்கிட்டு. அமெரிக்கா போல வலிக்கும் வேதனைக்கும் தனித் தொகை என்ற பேச்சை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். அங்கே மனுக்கள் குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். குழுவின் முடிவை ஏற்காதவருக்கு ஒரு கதவு சட்டத்திலேயே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், நிரந்தர மக்கள் நீதிமன்றத்தின் வரம்புக்குள் மருத்துவமனை, மருந்தகச் சேவைகளைச் சேர்த்திருக்கிறது. அங்கே கோர்ட் கட்டணம் இல்லை. சமரசம் எட்டாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லலாம். திண்டுக்கல்லில் உட்கார்ந்து வெள்ளகவிக்காரரை வரச் சொல்வதற்குப் பதில், மாதம் ஒருநாள் அதன் அமர்வைக் கொடைக்கானலில் வைத்தால் அவர் காலையில் மலையேறி வந்து மாலையில் இறங்கிவிட முடியும்.